செசானின் மார்செய் வளைகுடா: நகல் எடுக்கும்போது கடல் மட்டும் லகூன் ஆகிவிடுகிறது

நீலக்குழம்பு (கியூர்பீப், மொரீஷியஸ்) கேட்டது:

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ‘லெஸ்தாக்கிலிருந்து மார்செய் வளைகுடா’ படத்தை (லெஸ்தாக் மார்செய்க்குப் பக்கத்துக் கடலோர ஊர்) எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுக்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் படம். கான்வாஸ் 80 × 60 செ.மீ., பருத்தி, கடையிலேயே வெள்ளை அடித்து வந்தது. சாலோனில், அதாவது வீட்டு வரவேற்பறையில், மாட்டுவதற்காக. தைப்பூசக் காவடிக்குள் சுவரில் ஏற வேண்டும்.

கூரைகளும் சுவர்களும் ஓரளவு அமைந்துவிட்டன. கடல்தான் அமையவில்லை. கரையோரம் வெளிறி, நடுவில் அடர்ந்து, தூரத்தில் மங்கி, கடைசியில் நம் புளூ பே கடற்கரைத் தபால் அட்டை மாதிரி வந்து நிற்கிறது. எதிர்க்கரை மலைகள் புகைக்குள் போய்விடுகின்றன. மூலத்தில் கடல் முன்னால் வந்து நிற்கிறது, நகலில் பின்னால் ஓடுகிறது. கோளாறு நிறத்திலா, தூரிகையிலா, வரைவிலேயேவா?

இன்னும் இரண்டு சந்தேகம். காய்ந்த நீலத்தில் அங்கங்கே பளபளப்பு செத்து, சாம்பல் பூத்த மாதிரி திட்டுகள் விழுகின்றன. மழை வாரத்தில் கான்வாஸ் தொளதொளத்துப் போகிறது, பின்சட்டத்தின் மூலைகளில் இருக்கும் மர ஆப்புகளை அடித்து இறுக்கலாமா?

கையில் இருப்பவை: அல்ட்ராமரின், தாலோ நீலம், டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு, மஞ்சள் ஓக்கர், சுட்ட சியன்னா. வேறு எது கட்டாயம் வேண்டும்?

பழைய சட்டம் (போர்ட் லூயிஸ்):

முதலில் எந்தப் படத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். லெஸ்தாக்கிலிருந்து இதே வளைகுடாவை செசான் பல தடவை தீட்டியிருக்கிறார். 1878–79 வாக்கில் தீட்டியது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1885 வாக்கில் தீட்டியவற்றில் ஒன்று நியூயார்க்கில், இன்னொன்று சிகாகோ கலைக்கழகத்தில். இணையத்தில் மூன்றையும் கலந்துகட்டி ஒரே பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றின் வரைவையும் இன்னொன்றின் நிறத்தையும் எடுத்தால் எந்தக் காலத்திலும் சேராது.

நியூயார்க் படம் 73 × 100.3 செ.மீ., சிகாகோ படம் 80.2 × 100.6 செ.மீ. நம் கடைகளில் பிரெஞ்சு எண் போட்டு வரும் கான்வாஸ் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்: முதலாவது 40 ‘பேய்சாழ்’ (நிலக்காட்சி அளவு), இரண்டாவது 40 ‘ஃபிகூர்’ (உருவப்பட அளவு). அகலம் ஒன்றுதான், உயரம்தான் வேறு. உங்களுடைய 80 × 60 விகிதத்தில் இரண்டுக்கும் நடுவே விழுகிறது. நியூயார்க் படத்தை 80 அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 58.2 தான் வரும். மிச்சம் 1.8 செ.மீ. இதை நிரப்புவதற்காகப் படத்தை மேலும் கீழும் இழுக்காதீர்கள். மேலே 9 மி.மீ., கீழே 9 மி.மீ. விட்டு, வானத்தையும் தரையையும் அதுவரை நீட்டிவிடுங்கள். சட்டத்தின் உள்விளிம்பு பெரும்பகுதியை மறைத்துவிடும்.

மெட்ரோபாலிட்டன் 2017-லிருந்து காப்புரிமை தீர்ந்த தன் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அங்கிருந்து பெரிய கோப்பை இறக்கி, ஏ3 தாளில் 40 செ.மீ. அகலத்துக்கு அச்சடியுங்கள். உயரம் 29.1 வரும், தாளுக்குள் அடங்கிவிடும். அச்சில் 5 செ.மீ. கட்டம், கான்வாஸில் 10 செ.மீ. கட்டம். சரியாக இரண்டு மடங்கு என்பதால் கணக்குப் போடவே வேண்டாம். கான்வாஸில் கரிக்கோடு வேண்டாம், வெளிர் நீலத்தோடு கலந்து அழுக்காகும். டர்பன்டைனில் நன்றாக நீர்த்த அல்ட்ராமரினில் மெல்லிய தூரிகையால் வரையுங்கள். செசானும் நீலக் கோட்டில்தான் வரைவார், அது வண்ணத்துக்கு நடுவே தெரிந்தாலும் உறுத்தாது.

இப்போது கடல். கோளாறு நிறத்தில் இல்லை, கண்ணின் பழக்கத்தில். நமக்குக் கடல் என்றாலே பவளப்பாறைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே வெள்ளை மணல்மேல் ஆழமில்லாத தண்ணீர், அதனால் வெளிர்பச்சை. பிறகு பாறையில் உடையும் வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் திடீரென்று கருநீலம். நம் ஊரில் தூரிகை பிடித்த எவருக்கும் கை தன்னாலேயே இந்த மூன்று பட்டைகளைப் போட்டுவிடும். மார்செய் வளைகுடாவில் பவளப்பாறையும் கிடையாது, லகூனும் கிடையாது. கரையின் விளிம்பு வரைக்கும் அதே நீலம்தான். மறுபக்கம் திறந்த கடலும் இல்லை. மார்செய்வேர் மலைத்தொடரும் பொமேக் தீவும் எதிரே அடைத்து நிற்கின்றன. ஆக இது இரண்டு கரைகளுக்கு நடுவே வைத்த ஒரு நீலப் பலகை. 1876 ஜூலையில் ஓவிய நண்பர் பிசாரோவுக்கு எழுதிய கடிதத்தில் செசானே இந்தக் காட்சியைச் சீட்டாட்டச் சீட்டுக்கு ஒப்பிட்டிருக்கிறார்: நீலக் கடல்மேல் சிவப்புக் கூரைகள். சீட்டில் நிழல் சாய்வும் இல்லை, தூரமும் இல்லை.

பார்க்கும் உயரமும் முக்கியம். ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் மணலில் நின்றால் கடல் ஒரு ஒல்லிக் கோடு. போர்ட் லூயிஸ் சிட்டாடல் கோட்டைமேல் ஏறித் துறைமுகத்தைப் பாருங்கள். கூரைகளுக்குப் பின்னால் தண்ணீர் எழுந்து நிற்கும். தொடுவானம் எப்போதும் கண் மட்டத்தில்தான் இருக்கும், நாம் ஏற ஏற கூடவே அதுவும் ஏறும். செசான் நின்றதும் ஊருக்கு மேலே மேட்டில். உங்கள் நகலில் கடலின் மேல்விளிம்பு அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் கடல் படுத்துவிடும். கட்டத்தில் அந்த விளிம்பை மட்டும் அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். கூரைகள் கொஞ்சம் நகர்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. இது தெரியும்.

தூரிகைக்காரி (ரோஸ் ஹில்):

பழைய சட்டம் ஐயா சொன்னதுக்கு மேல் வண்ணம் பற்றிக் கொஞ்சம்.

செசான் கடைசிக் காலத்தில் பலகையில் வைத்திருந்த வண்ணங்களை ஓவியர் எமில் பெர்னார் 1904-ல் பார்த்துப் பட்டியல் போட்டிருக்கிறார். மஞ்சள் ஐந்து, சிவப்பு ஆறு, பச்சை மூன்று, நீலம் மூன்று, கறுப்பு ஒன்று. நீலங்கள் கோபால்ட், அல்ட்ராமரின், பிரஷ்யன். அத்தனையும் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கட்டாயம் தேவை இரண்டு: கோபால்ட் நீலமும் விரிடியன் பச்சையும். மேடர் சிவப்பு மாதிரி ஒரு குளிர்ந்த சிவப்பும் இருந்தால் நல்லது. குயினாக்ரிடோன் ரோஸ் போதும், நிறம் மங்காது. தாலோ நீலத்தைத் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அந்த லகூன் நிறத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். வெள்ளை பட்ட உடனே பச்சையாகத் திரும்பிக் கத்த ஆரம்பிக்கும்.

விரிடியன் வாங்கும்போது டியூபின் பின்பக்கம் நிறமி எண் பி.ஜி.18 என்று இருக்கிறதா பாருங்கள். பிரெஞ்சு லேபிளில் அது ‘வேர் எமெரோட்’ என்று வரும். முன்பக்கப் பெயரை நம்பி எடுத்தால் சில மலிவு டியூபுகளில் தாலோ பச்சை இருக்கும், அது பி.ஜி.7. பட்டியலில் உள்ள வெரோனேஸ் பச்சை அந்தக் காலத்தில் ஆர்செனிக் கலந்த நஞ்சு. இப்போது அந்தப் பெயரில் விற்பது வெறும் கலவை. தேவையே இல்லை.

கடலுக்கு மூன்று குவியல் முன்கூட்டியே கலந்து வையுங்கள். அடிக்குவியல்: அல்ட்ராமரின் 3 பங்கு, கோபால்ட் 1, வெள்ளை 2. டைட்டானியத்தின் வலு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எனவே வெள்ளையை முதலில் ஒன்றரை போட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். அதில் கால் பங்கைப் பிரித்து, கத்தி நுனியளவு ரோஸ் சேர்த்தால் ஊதா சாய்ந்த நீலம். இன்னொரு கால் பங்கில் கொஞ்சம் விரிடியன் சேர்த்தால் பச்சை சாய்ந்த நீலம். முக்கியமானது இது: மூன்றும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். நிறம் மாறலாம், வெளிச்சம் மாறக்கூடாது. ரோஸும் விரிடியனும் இரண்டுமே கலவையைக் கறுக்க வைக்கும், அதனால் துளி வெள்ளை சேர்த்துச் சமன் செய்யுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தடவி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். மூன்று திட்டுகளும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கலவை சரி. ஒன்று தனியாகத் தெரிந்தால் அதுதான் உங்கள் கடலில் பள்ளம் தோண்டப் போகிறது.

எவ்வளவு கலப்பது? உங்கள் படத்தில் கடல் ஏறக்குறைய 80 × 25 செ.மீ. என்று வைத்தால் 2,000 சதுர செ.மீ. பூச்சு 0.2 மி.மீ. தடிமன் என்றால் 40 மி.லி. ஆகும். ஒரு டியூப் முழுக்கப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நீலம் கிடைக்காது. மிச்சத்தைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடி ஃபிரிஜ்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும், ஆனால் சாப்பாட்டுப் பக்கம் வைக்காதீர்கள்.

தூரிகை: பன்றிமயிர்த் தட்டைத் தூரிகை, 10 முதல் 12 மி.மீ. அகலம். உங்கள் நகல் மூலத்தில் ஐந்தில் நான்கு பங்கு, அதனால் தீட்டலும் அதே விகிதத்தில் சிறுக்க வேண்டும். சின்னக் கான்வாஸில் பெரிய தூரிகை போட்டால் கரடுமுரடாகத் தெரியும். தீட்டல்கள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு சாய்வில் போக வேண்டும். மேல் வலதிலிருந்து கீழ் இடதாக அவர் கை போகும் பழக்கம் அந்தக் காலப் படங்கள் பலவற்றில் தெரியும். இந்தப் படத்தில் எங்கே அப்படி, எங்கே கிடையாக என்று கோப்பைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாகப் பாருங்கள். அலை வரையாதீர்கள். தீட்டிய பிறகு விசிறித் தூரிகையால் வருடிக் கலக்காதீர்கள். வருடினால் அது வேறு யாரோ தீட்டிய கடல். ஒரு தீட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே விளிம்பு தெரிய வேண்டும், அந்த விளிம்புகள்தான் கடலைச் சுவர் மாதிரி நிறுத்துகின்றன.

மலைகள் புகைக்குள் போவதற்கும் இதே காரணம்தான். தூரத்தில் இருப்பதெல்லாம் வெளிறிய நீலம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடுங்கள். அங்கே மிஸ்த்ரால் என்று வடமேற்கிலிருந்து ஒரு வறண்ட காற்று வீசும். அது வீசிய பிறகு எதிர்க்கரை கத்தியால் வெட்டினாற்போலத் தெரியும். மலைக்கு வெள்ளையோடு கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் ஓக்கர், நிழல் பக்கத்தில் கோபால்ட் போடுங்கள். மேல்விளிம்பில் நீலக் கோட்டை அங்கங்கே விட்டு விட்டு இழுங்கள். முழுக்க இழுத்தால் சித்திரக்கதை ஆகிவிடும்.

நீலக்குழம்பு:

மிக்க நன்றி ஐயா, அக்கா. கறுப்பு வெள்ளைச் சோதனையில் விரிடியன் கலந்த குவியல்தான் தனியாகக் கறுத்துத் தெரிகிறது, சமன் செய்கிறேன். வேலை செய்யும் அறையில் வடக்குப் பார்த்த ஜன்னல். புத்தகங்களில் எல்லாம் வடக்கு வெளிச்சம்தான் ஓவியருக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் காலையில் கலக்கும் நீலம் மதியம் வேறாகத் தெரிகிறது. அந்தச் சாம்பல் திட்டுகளுக்கும் கான்வாஸ் தொளதொளப்புக்கும் என்ன வழி?

மோக்கா மழை:

வடக்கு ஜன்னல் ஐரோப்பாக்காரர்களுக்கு. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். வருடத்தில் பெரும்பகுதி சூரியன் நமக்கு வடக்கு வானத்தில்தான் போகிறது. வடக்கு ஜன்னலில் நேரடி வெயில் விழும், மணிக்கு மணி மாறும். நமக்குத் தெற்கு ஜன்னல்தான் நிலையான வெளிச்சம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை நண்பகல் சூரியன் கொஞ்சம் தெற்கே சாய்ந்தாலும் தலைக்கு நேர் மேலே இருப்பதால் கூரைச் சரிவு தடுத்துவிடும். தெற்கு அறை இல்லையென்றால் ஜன்னலை மூடிவிட்டு விளக்கில் வேலை செய்யுங்கள்: 5,000 கெல்வின் எல்.இ.டி., நிறத்துல்லிய எண் 90-க்கு மேல். சாலோனில் மஞ்சள் பல்பு எரியும் என்றால் முடிப்பதற்கு முன் ஒரு தடவை அந்த வெளிச்சத்திலும் வைத்துப் பாருங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் அல்ட்ராமரின் சட்டென்று கறுத்துப்போகும்.

சாம்பல் திட்டு என்பது பூஞ்சை இல்லை, பயப்பட வேண்டாம். விரலால் தொட்டால் பொடி வராது, நனைத்தால் நிறம் திரும்பும். அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது. மலிவுக் கான்வாஸ்களில் அடிக்கும் அக்ரிலிக் வெள்ளை ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் தடிப்பாகவும் இருக்கும், உறிஞ்சுவதும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். டர்பன்டைன் தாராளமாக ஊற்றிய இடங்களில் இது இன்னும் மோசம். செய்ய வேண்டியது: அந்த இடம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு, ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்கு, மணமில்லாத ஸ்பிரிட் ஒரு பங்கு கலந்து, பருத்தித் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் பின்னாளில் மஞ்சளாகப் படியும். அடுத்த படத்துக்கு, வாங்கிய கான்வாஸ்மேல் நீங்களே இன்னும் இரண்டு பூச்சு அக்ரிலிக் ஜெஸோ (வெள்ளை அடிப்பூச்சு) அடித்து, நடுவில் 220 எண் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். கியூர்பீப் ஈரத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு முழு நாள் விடுங்கள்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. ஈரம் அதைத் தாமதப்படுத்தும், இருட்டும் தாமதப்படுத்தும். ஈரத்துக்குப் பயந்து அலமாரியில் வைத்தாலோ பிளாஸ்டிக் சுற்றினாலோ இரண்டு கேடு: எண்ணெய் மஞ்சளிக்கும், கான்வாஸ் முதுகில் பூஞ்சை பிடிக்கும். வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள அறையில், சுவரில் ஒட்டாமல் சாய்த்து வையுங்கள். ஏர்கண்டிஷன் இருந்தால் ‘டிரை’யில் போடுங்கள். உங்கள் பட்டியலில் ஓக்கரும் சியன்னாவும் சீக்கிரம் இறுகும். அல்ட்ராமரின், காட்மியங்கள், டைட்டானியம் எல்லாம் மெதுவானவை. கடலில் இந்த மெதுவானவைதான் அதிகம். அதனால் முதலில் கடலை முடியுங்கள், கூரைகள் பிறகு. மெதுவாக இறுகும் தடித்த நீலத்துக்கு மேல் சீக்கிரம் இறுகும் மெல்லிய சியன்னாவைப் போட்டால் மேல்தோல் வெடிக்கும், எனவே கூரை விளிம்பு கடலில் ஏறும் இடத்தில் நீலத்தை முன்பே மெல்லியதாக நிறுத்திவிடுங்கள்.

வேலை நவம்பருக்குள் முடிந்தால் காவடிக்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும், ஆனால் வார்னிஷ் போடும் அளவுக்குக் காயாது. பழைய கணக்கு ஆறு மாதம். இப்போதைக்கு ரீடச் வார்னிஷ் (தற்காலிக மெல்லிய வார்னிஷ்) மட்டும் ஒரு மெல்லிய பூச்சு போடுங்கள். அதையும் மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். கடைசி வார்னிஷை அடுத்த அக்டோபருக்குத் தள்ளிவிடுங்கள். தீவில் மழை குறைந்த மாதம் அதுதான்.

கான்வாஸ் தொளதொளப்பதற்கு மழை நாளில் ஆப்பு அடிக்கவே கூடாது. அன்றைக்கு இழுத்துக் கட்டினால், காற்று உலரும் நாளில் இன்னும் இறுகி, இளம் பூச்சில் மூலைகளிலிருந்து மயிரிழை விரிசல் ஓடும். இரண்டு மூன்று நாள் காய்ந்த காற்று அடித்த பிறகும் தொளதொளவென்றிருந்தால் எட்டு ஆப்புகளையும் சுற்றி வந்து ஒவ்வொன்றாக, லேசாகத் தட்டுங்கள். ஒரே மூலையில் அடித்தால் சட்டம் கோணும். பின்புறம் தண்ணீர் தெளித்து இறுக்கும் வித்தை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் அது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. முயல்தோல் பசை பூசிய கான்வாஸும் கியூர்பீப்புக்கு ஆகாது. அந்தப் பசை ஒவ்வொரு மழைக்கும் ஊதி இளகும்.

மாபூர் மணல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சாலோனில் மத்தியதரைக் கடல் வேண்டும் என்பதுதான் விஷயம் என்றால் புள்ளி புள்ளியாகத் தீட்டும் ஓவியர் ஆன்ரி-எத்மோன் குரோஸின் ‘பொன் தீவுகள்’ எடுக்கலாமே? 1891–92-ல் தீட்டியது, ஓர்சேயில் இருக்கிறது. 59.5 × 54 செ.மீ.தான், மூல அளவிலேயே நகல் எடுக்கலாம். வீடு கிடையாது, கூரை கிடையாது. மணல், கடல், தீவுகள், வானம் என்று பட்டை பட்டையாகப் புள்ளிகள். வரைவு தெரியாதவர்கூடச் செய்துவிடலாம்.

தூரிகைக்காரி:

அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுலபம் என்று சொல்லாதீர்கள் தம்பி. புள்ளி ஒவ்வொன்றும் அரைக்கு அரை சென்டிமீட்டர் இடத்தை எடுக்கும் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு அடுக்குக்கே 12,000-க்கு மேல் ஆகும். குரோஸ் கரையில் பெரிய புள்ளியாக ஆரம்பித்துத் தொடுவானம் போகப் போகச் சிறுக்கிக்கொண்டே போகிறார், எனவே இன்னும் கூடும். பக்கத்துப் புள்ளி ஈரமாக இருக்கும்போது அடுத்ததை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். ஒரு நிறம் வைத்து, காயவிட்டு, அடுத்த நிறம் வைக்க வேண்டும். கியூர்பீப் மழையில் அது எந்தக் காவடிக்கு முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். அதோடு புள்ளிகள் கண்ணில் கூடிச் சேர மூன்று மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சோஃபாவுக்கு மேல் மாட்டி ஒன்றரை மீட்டரில் பார்க்கும் சாலோனில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். செசான் கிட்டே வந்தாலும் நிற்பார்.

அக்ரிலிக்கில் செய்வதானால் ‘பொன் தீவுகள்’ நியாயமான யோசனை. புள்ளி நிமிடங்களில் காயும்.

நீலக்குழம்பு:

செசானிலேயே இருக்கிறேன். கடலை இப்போது ஒரே அடர்த்தியில் மூன்று நீலத்தில் கட்டுகிறேன், நிற்கிறது. கடைசியாக ஒன்று: ஆலைப் புகைபோக்கி கடலுக்கு முன்னால் வரும் இடத்தில் ஒட்டுப்படம் மாதிரி துருத்துகிறது. ஊருக்குள் இருக்கும் பச்சையும் கண்ணைக் குத்துகிறது.

பழைய சட்டம்:

பச்சையை முதலில் பார்ப்போம். விரிடியனையும் காட்மியம் மஞ்சளையும் நேரே கலந்தால் கரும்புத் தோட்டப் பச்சைதான் வரும். நம் கண்ணுக்கு அது இயல்பு, லெஸ்தாக்குக்கு அந்நியம். அங்கே இருப்பது பைன் மரமும் ஒலிவ மரமும். வருடம் முழுக்க இலை உதிராத, வறண்ட, கொஞ்சம் சாம்பல் ஓடிய பச்சை. இலை மாறாததால் அங்கே ஒரு காட்சியிலேயே மூன்று நான்கு மாதம் வேலை செய்யலாம் என்று அதே கடிதத்தில் செசான் எழுதியிருக்கிறார். விரிடியன் 1, மஞ்சள் ஓக்கர் 2, நுனியளவு சுட்ட சியன்னா கலந்து பாருங்கள். ஒலிவத்துக்கு அதிலேயே வெள்ளையும் கடலின் அடிக்குவியலில் ஒரு துளியும் சேர்க்கலாம். கடலின் நீலம் பச்சைக்குள் கொஞ்சம் போனால் இரண்டும் சண்டை போடாது.

கூரைகளையும் இதே கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். தகரக் கூரைக்கு அடிக்கும் சிவப்பு மாதிரி ஒரே நிறமாக அடித்திருந்தால் மாற்றுங்கள். அவை சுட்ட மண் ஓடுகள், லெஸ்தாக்கிலேயே ஓட்டுச் சூளைகள் இருந்தன. காட்மியம் சிவப்போடு ஓக்கர் ஒரு சரிவுக்கு, சியன்னா இன்னொரு சரிவுக்கு. கடலைத் தொடும் விளிம்பில் மட்டும் ஆரஞ்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். நீலத்துக்கு எதிர்நிறம் என்பதால் கடல் இன்னும் நிமிரும், அதற்கு நீலத்தில் கை வைக்கவே வேண்டாம்.

புகைபோக்கி துருத்துவது இரண்டு பக்கமும் ஒரே கறுப்புக் கோடு போட்டிருப்பதால். அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள். புகைபோக்கியில் வெளிச்சம் படும் பக்கத்தை ஒட்டிய கடலில் கொஞ்சம் அடர்ந்த நீலம், நிழல் பக்கத்தை ஒட்டிய கடலில் கொஞ்சம் வெளிறிய நீலம் வையுங்கள். இரண்டு தீட்டல் அகலத்துக்குமேல் போகாதீர்கள், போனால் தூரிகைக்காரி அம்மா சொன்ன ஒரே அடர்த்தி கெட்டுவிடும். விளிம்பு தெரிய வேண்டியது இந்த நிற வேறுபாட்டால்தான். அது போதாத இடத்தில் மட்டும் நீர்த்த அல்ட்ராமரினில் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் துண்டு துண்டாகக் கோடு இழுங்கள். புகையைக் கடலுக்குப் பிறகு மேலே பூசாதீர்கள். கடல் ஈரமாக இருக்கும்போதே அந்த இடத்தை வெறுமையாக விட்டு, வெள்ளையும் ஓக்கரும் நுனியளவு ரோஸும் கலந்து, கடலின் தீட்டல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதே சாய்வில் நிரப்புங்கள். இப்போதே கடல் காய்ந்துவிட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டி, அடி வெள்ளை தெரியும் வரை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

பின்புறம் மரச்சட்டத்தில் ‘பால் செசான் படத்தின் நகல்’ என்று உங்கள் பெயர், ஆண்டு, அளவோடு அழியாத மையில் எழுதிவிடுங்கள். முன்பக்கத்தில் அவர் கையெழுத்தைப் போடாதீர்கள்.